நம்பாத கடவுளைப் பாட்டில் எழுதுவது எப்படி?

கடவுள் இல்லை என்று சொல்கிறவன் நான். மேடையிலும் சொல்கிறேன், வீட்டிலும் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கம் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவருக்குப் பிறந்தவன். என் பெற்றோருக்கு நடந்தது புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம். 1967-இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் அந்தத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும் திருமணமாக்கியது. அந்த வீட்டிலிருந்து வந்த நான் நாடகங்களுக்கும் இசைத் தொகுப்புகளுக்கும் சில திரைப்படங்களுக்கும் எழுதிய பாட்டுகளைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் மாரியம்மன் வருகிறாள், கருப்பசாமி வருகிறார், வேளாங்கண்ணி மாதா வருகிறாள்.

பாட்டெழுத வரும் பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நம்பாததை எப்படி எழுதுகிறீர்கள், எழுதும்போது உறுத்தவில்லையா என்கிறார்கள். உறுத்துவதில்லை. ஏன் என்பதும் எப்படி என்பதும் ஒரே பதிலின் இரண்டு பாதிகள் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாத்திகராக இருந்து பின்னாளில் மனம் மாறிய கண்ணதாசன் போன்றவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்கள் வழி வேறு. கடைசிவரை நம்பாமலே இருந்து கடவுளைப் பாடியவர்கள் எனக்கு முன்னோடிகள். மலையாளத்தில் வயலார் ராமவர்மா பொதுவுடைமைக்காரர். மனிதன் மதங்களைப் படைத்தான், மதங்கள் தெய்வங்களைப் படைத்தன என்று 1972-இல் 'அச்சனும் பாப்பயும்' படத்துக்கு எழுதித் தேசிய விருது வாங்கியவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரே, குருவாயூர்க் கோயில் வாசலுக்கு ஒருநாள் போவேன், கோபுர வாசலைத் திறப்பேன் என்றும் எழுதினார். பாடியவர் யேசுதாஸ், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கோயிலுக்குள் இந்து அல்லாதவர்களை விடுவதில்லை. எழுதியவர் நம்பாதவர், பாடியவர் உள்ளே போக முடியாதவர். ஆனாலும் கேரளத்து பக்தர்கள் அந்தப் பாட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இந்தியில் சாஹிர் லுதியான்வி 1961-இல் 'ஹம் தோனோ' படத்துக்கு, அல்லா என்பதும் உன் பெயர், ஈஸ்வரன் என்பதும் உன் பெயர் என்று பிரார்த்தனை எழுதினார். தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஜாவேத் அக்தர்தான் 2001-இல் 'லகான்' படத்தில் ஊரே கூடி இறைவனை அழைக்கும் பாட்டை எழுதியவர். இவர்களில் யாரும் வேஷம் போடவில்லை என்பது என் உறுதியான எண்ணம். பாடுகிறவரின் நம்பிக்கைக்கு அவர்கள் உண்மையாக இருந்தார்கள்.

ஆகவே முதல் வேலை, பாடுவது யார் என்று தெரிந்துகொள்வது. இயக்குநர் 'கடவுளிடம் ஒரு பெண் முறையிடுகிறாள்' என்று சொன்னால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்காதீர்கள். எந்த ஊர்ப் பெண், அவளுடைய குலதெய்வம் எது, இதற்குமுன் என்ன வேண்டிக்கொண்டாள், அந்த வேண்டுதல் நிறைவேறியதா என்று கேளுங்கள். பொதுவான கடவுள் என்று ஒருவர் தமிழ்நாட்டுத் தெருக்களில் இல்லை. எல்லைக் கருப்புக்குச் சுருட்டு வைக்கிறவர் அவரிடம் பேசும் பேச்சும், பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தம் வாங்குகிறவர் பேசும் பேச்சும் ஒன்றல்ல. கத்தோலிக்கர் 'ஆண்டவரே' என்பார், சீர்திருத்த சபைக்காரர் 'கர்த்தாவே' என்பார். இரண்டையும் மாற்றி எழுதினால் அந்த வீட்டுப் பிள்ளைகூட கண்டுபிடித்துவிடும். நாகூர் தர்காவில் நிற்கும் தாய் 'எஜமானே' என்று மகானை அழைப்பாள். ஆனால் மகானை அல்லாவுக்குச் சமமாக வைத்து ஒரு வரி எழுதினீர்கள் என்றால் அவள் நம்பிக்கையின் அடித்தளத்தையே இடித்துவிட்டீர்கள்.

விளிப்பிலும் கவனம் வேண்டும். அம்மனையும் முருகனையும் நாம் 'நீ' என்போம், கோபம் வந்தால் 'வாடா, போடி' என்றும் உரிமையோடு இறங்குவோம். தமிழ்க் கிறித்தவர் வேண்டும்போது 'நீர்', 'உம்மை' என்றுதான் வரும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். நான் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் போகிறேன். கும்பிடுவதில்லை, ஓரமாக நிற்கிறேன். செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் அம்மன் கோயில் தூணோரம் நின்றால், உதடு அசைய வேண்டிக்கொள்ளும் பெண்களின் வார்த்தைகள் அரைகுறையாகக் காதில் விழும். அதில் 'கருணைக் கடலே' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. 'என்னை இப்படி அலைய விடுகிறாயே' என்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அடுத்தது சந்தம். மெட்டுக்கு எழுதுகிறவர்களுக்குக் கடவுள் பெயர்கள் கொடுக்கும் வசதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தொழிலில் பாதி இதுதான். இசையமைப்பாளர் மெட்டின் அளவைத் 'தான தனனா' என்ற தத்தகாரமாகக் கொடுக்கிறார். அதில் 'தான' என்று விழும் இடத்தில் 'சாமி', 'தாயே' உட்காரும். யாப்பிலக்கணத்தில் அவை தேமா. 'தனனா' என்று வந்தால் 'இறைவா', 'முருகா', இரண்டும் புளிமா. 'தானனா'வுக்குத் 'தெய்வமே', 'தனதனா'வுக்குக் 'கடவுளே'. கொஞ்சம் நீண்ட இடம் கிடைத்தால் 'ஆண்டவரே', 'மாரியம்மா'. இத்தனை அளவுகளில், இத்தனை ஓசையில், ஒரே ஆளைக் கூப்பிடும் வசதி வேறு எந்தப் பாத்திரத்துக்கும் கிடையாது. மேலும் இவை 'ஆ'விலோ 'ஏ'யிலோ முடிகின்றன, 'சாமி'யின் 'இ'யும் இழுத்தால் 'ஈ' ஆகிவிடும். பாடகர் மூச்சை நிறுத்தி இழுக்க வேண்டிய இடத்தில் வாய் திறந்த நெடில் இருந்தால்தான் குரல் நிற்கும். உச்ச ஸ்தாயியில் 'மருத்துவர்' என்று முடித்துப் பாருங்கள், 'ர்'இல் குரல் அடைபடும். 'தாயே' என்று முடித்தால் வானம்வரை போகும்.

சந்தத்துக்காக மட்டும் கடவுளைக் கூப்பிடுகிறேனா என்றால் இல்லை. பாட்டுக்கு ஒரு 'நீ' வேண்டும். எதிரே ஓர் ஆள் இல்லாமல் பாட்டு தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நின்றுவிடும். காதலி இருந்தால் காதலியிடம் பாடலாம், பிள்ளை இருந்தால் பிள்ளையிடம் பாடலாம். நள்ளிரவில் யாருமே இல்லாதவள் யாரிடம் பாடுவாள்? அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரே ஆள் அவளுடைய சாமிதான். அந்த ஆள் உண்மையில் இருக்கிறாரா என்பது என் கேள்வி, அவள் கேள்வி அல்ல. என் கேள்வியை அவள் வாயில் திணித்தால் அது திருட்டு.

ஒரு பாட்டை எடுத்துக் காட்டுகிறேன். லால்குடிப் பக்கத்துக் கூலிக்காரத் தாய், அரசு மருத்துவமனை வராந்தாவில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது, வாய்வழி ஒன்றும் தரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சமயபுரம் மாரியம்மனிடம் அவள் பேச வேண்டும். இந்தச் சூழலைக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் எழுதுவது இது:

கருணைக் கடலே காத்திடுவாய்
கண்ணீர் துடைக்க வந்திடுவாய்

மோனை இருக்கிறது, சந்தம் இருக்கிறது. அந்தத் தாய் இல்லை, அந்த அம்மனும் இல்லை. இந்த இரண்டு வரியை எந்த ஊர்ச் சாமிக்கும் எந்த ஆளும் பாடலாம். அதனால்தான் யாருக்கும் அது சொந்தமாவதில்லை.

சமயபுரத்து அம்மனைப் பற்றி அந்த வட்டாரத்துக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒரு செய்தி உண்டு. மாசி கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனி கடைசி ஞாயிறுவரை இருபத்தெட்டு நாள் அங்கே விரதம் இருப்பவர்கள் பக்தர்கள் மட்டும் அல்ல. பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவ்வளவுதான். இதை முதலில் கேட்டபோது நான் வியந்துபோனேன். பசியோடு வாழ்ந்த மக்கள் தங்களோடு சேர்ந்து பசித்திருக்கும் ஒரு தெய்வத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இதில் நம்புவதற்கு எனக்கு ஒன்றுமில்லை, வணங்குவதற்கு நிறைய இருக்கிறது. நான் வணங்குவது அந்த மக்களின் கற்பனையை. பாட்டு இப்படித் தொடங்கியது:

இருபத்தெட்டு நாள் பசித்தவளே – என்
இடுப்புப் பிள்ளை பசி அறியாயோ
குழாயில் சொட்டும் நீர்தான் இன்று – என்
குழந்தைக்கு வாய்த்த துள்ளுமாவு

சரணத்தில் அவள் குரல் உயர வேண்டும்:

உன் நோன்பு முடிய நாள் குறித்தார் – என்
நோவு முடிய யார் குறிப்பார்

இதை என் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஆண்டுதோறும் சமயபுரத்துக்கு நடந்து போகிறவர். 'நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் வந்து நின்றதுமே இவள் கேள்வி கேட்கிறாளே? முதலில் தன் பக்கத்துக் குறையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பாள்' என்றார். என்ன குறை இருக்கும் என்று கேட்டேன். 'வேண்டுதல் காசு ஏதாவது எடுத்துச் செலவு பண்ணியிருப்பாள்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஈட்டை எடுக்கப் போய்விட்டார். அந்தச் சொல்லிலிருந்து பாட்டுக்குத் தொகையறா, அதாவது தாளம் தொடங்கும் முன் பாடும் வரிகள், கிடைத்தது:

மஞ்சளில் முடிந்து வைத்த காசை – நான்
மருந்துக்கு அவிழ்த்தேன் பொறுத்துக்கொள் தாயே

சாமிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசை அவிழ்த்துப் பிள்ளைக்கு மருந்து வாங்குகிறாள் ஒரு பக்தை. நான் ஒரு மணி நேரம் மேடையில் பேசினாலும் இந்த இடத்துக்குக் கேட்பவர்களைக் கொண்டுவர முடியாது. அவளுக்கு அது குற்ற உணர்ச்சி, எனக்கு அது மானுடத்தின் வெற்றி. பாட்டில் அவளுடைய உணர்ச்சியைத்தான் எழுதினேன். என் கருத்தை ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை. கடவுளை விட்டுவிட்டு எழுதியிருந்தால் இந்த இரண்டு வரி எனக்குக் கிடைத்திருக்காது. நான் ஏன் திரும்பத் திரும்பக் கடவுளை எழுதுகிறேன் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இதைவிட நேரான பதில் இல்லை.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். கடவுள் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'அப்பா' என்றோ 'அண்ணா' என்றோ போட்டுப் படியுங்கள். 'காசை மருந்துக்கு அவிழ்த்தேன் பொறுத்துக்கொள் அப்பா' நிற்கிறது. 'கருணைக் கடலே காத்திடுவாய் அண்ணா' விழுந்துவிடுகிறது. மனித உறவு ஒன்றின் கனத்தைத் தாங்குகிற வரிதான் தெய்வத்தையும் தாங்கும். அலங்காரச் சொற்கள் மட்டும் உள்ள வரி இரண்டையும் தாங்காது.

கோபத்தைக் கண்டு பயப்படாதீர்கள். நாத்திகன் எழுதினான் என்பதாலேயே சாமியைத் திட்டும் வரிகளை மென்மையாக்கச் சொல்லித் தயாரிப்பாளர்கள் வற்புறுத்துவதுண்டு. அப்போது நான் பழைய ஏட்டை எடுத்து நீட்டுவேன். புறநானூறு 194-இல் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, 'படைத்தோன் மன்றஅப் பண்பி லாளன்' என்கிறார். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நேராகவே சொல்கிறார். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போய், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெட்டுப்போகட்டும் என்று சபிக்கிறார்:

இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து
கெடுக உலகியற்றி யான்.

இவை பக்திப் பாட்டு அல்ல என்பார்கள். சரி, சுந்தரரைக் காட்டுவோம். பார்வை இழந்து திருவாரூருக்கு வந்து நின்று, உமக்கே மீளா அடிமையான எங்கள் துயரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நீரே நன்றாக வாழ்ந்துபோம் என்று பாட்டுக்குப் பாட்டு 'வாழ்ந்து போதீரே' என முடிக்கிறார். அது ஏழாம் திருமுறையில் இருக்கிறது, இன்றும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். சாவு வீட்டு ஒப்பாரியில் எமனும் சாமியும் வாங்கும் திட்டுக்கு அளவே இல்லை. தமிழில் கடவுளை ஏசுவது கடவுளோடு உள்ள உறவின் ஒரு பகுதி.

ஆனால் ஏசுவது வேறு, ஏளனம் வேறு. ஏசுகிறவருக்கு எதிரே ஒருவர் இருக்கிறார், பதில் வர வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. ஏளனம் செய்கிறவர் அருகில் நிற்கும் பக்தரைப் பார்த்துச் செய்கிறார். மூட நம்பிக்கையை மேடையில் பிளந்து பேசுங்கள், நானும் பேசுகிறேன். கட்டுரை எழுதுங்கள். ஆனால் பக்தையின் வாய்க்கு எழுதும் பாட்டில் அவளையே கேலி செய்யும் வரியை ஒளித்துவைப்பது கோழைத்தனம். அவள் அதைப் பாடுவாள், நீங்கள் பின்னால் நின்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எந்தச் சீர்திருத்தத்துக்கும் உதவாது.

எழுத மறுக்க வேண்டிய இடங்களும் உண்டு. இதில் நான் கறாரானவன். மனிதன் செய்த குற்றத்தைக் கடவுள் கணக்கில் எழுதும் வரியை எழுதமாட்டேன். கூலியை ஏமாற்றியவன் பெயர் கதையில் தெரிந்திருக்கும்போது 'எல்லாம் அவன் செயல்' என்று சரணத்தை முடித்தால் திருடன் தப்பித்துவிடுகிறான். வாய்க்கால் தூர்வாராததால் வயல் மூழ்கியது என்றால் பாட்டில் வாய்க்கால் வர வேண்டும், விதி வரக் கூடாது. பாத்திரம் தன் தலைவிதியை நொந்துகொள்ளலாம், அது அவள் உரிமை. அப்போதும் அடுத்த வரியில் ஒரு கேள்வியையாவது வைத்துவிடுவேன். மேலே உள்ள பாட்டில் 'யார் குறிப்பார்' என்பது அப்படிப்பட்ட கேள்விதான். அம்மனைப் பார்த்துக் கேட்கிறாள். அந்த வராந்தாவில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது கேட்கும்.

பிறப்பால் உயர்வு தாழ்வைத் தெய்வம் வகுத்தது என்று பொருள்படும் எதையும் தொடமாட்டேன். ஒருவர் தன் ஆசிரமத்துச் சாமியார் கை வைத்தால் நோய் தீரும் என்று பாட்டுக் கேட்டு வந்தார். பெரிய தொகை பேசினார், வாசலிலேயே அனுப்பிவிட்டேன். மஞ்சளில் முடிந்த காசை மருந்துக்கு அவிழ்த்தவளை எழுதியவன், மருந்தை நிறுத்திவிட்டு வா என்று அழைக்கும் பாட்டை எழுத முடியாது.

முத்திரை வரி பற்றியும் சொல்ல வேண்டும். தேவாரத்தில் சம்பந்தர் கடைசிப் பாட்டில் தன் பெயரைச் சொல்லி, இதைப் பாடுவோர்க்கு இன்ன பலன் என்று முடிப்பார். திருக்கடைக்காப்பு என்பார்கள். திருவிழாப் பாட்டுக் கேட்டு வருகிறவர்கள் கடைசிச் சரணத்தில் எழுதியவர் பெயரையும் 'பாடினால் வினை தீரும்' என்ற பலனையும் எதிர்பார்ப்பார்கள். இரண்டையும் நான் எழுதுவதில்லை. பலன் சொல்வது உறுதிமொழி கொடுப்பது. நம்பாத உறுதிமொழியை என் வாயால் கொடுக்கமாட்டேன். அந்தச் சரணத்தில் தேர் வடம் பிடிக்கும் கைகளையும் பந்தல் போட்டவரையும் விடிய விடியப் பறையடித்தவரையும் எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை எந்த ஊரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை.

ஒலிப்பதிவு நாளில் கட்டாயம் கூட இருங்கள். பாடகர் பக்தராக இருந்தால் உணர்ச்சி மேலிட்டு இடைவெளியில் 'அம்மா' என்றோ 'தாயே' என்றோ தானாகச் சேர்ப்பார். விட்டுவிடுங்கள், அது அவருடைய பாட்டும்தான். ஆனால் ஒலிப்பதிவுக்கூடத்தில் யாராவது 'தெய்விகமாக இருக்கட்டும்' என்று சொல்லி, கிராமத்து அம்மன் பாட்டின் தலையில் சமஸ்கிருத சுலோகம் ஒன்றை ஒட்டப் பார்ப்பார்கள், அல்லது 'துள்ளுமாவு' நகரத்தில் புரியாது என்று 'அமுது' ஆக்கச் சொல்வார்கள். அங்கே மட்டும் இறங்கிப்போகாதீர்கள். துள்ளுமாவு என்றால் என்னவென்று தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் லால்குடித் தாய் பாட்டிலிருந்து எழுந்து போய்விடுவாள். சொல் மாற்றக் கூடாத இடங்களைப் பிரதியில் அடிக்கோடிட்டு, பாடகருக்கு ஒன்றும் ஒலிப்பதிவாளருக்கு ஒன்றும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.